ஒன்பது நாள் பெண் அழைப்பு

செங்கழனிப்பட்டு ஊர்த்தெருவின் நீளம் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். கிராம வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது, தார் போட்ட ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது, சர்வேயர் மூன்று தடவை சங்கிலி பிடித்து அளந்தபோதும் அப்படித்தான் வந்தது, ஆகவே அந்தத் தெருவைக் கடக்க ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஒன்பது நாள் பிடித்தது என்று நான் சொல்லும்போது யாரும் டேப்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். முன்பே வந்தவர்கள் எல்லாரும் அளந்து பார்த்து, தலையைச் சொறிந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

தெருவின் கிழக்கு முனையில் ஒரு கைப்பம்பு, அதைத் தாண்டினால் காலனி. மேற்கு முனையில் மெயின் ரோடு, பஸ் ஸ்டாப், ஆரம்ப சுகாதார நிலையம், புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம். நடுவில் முப்பத்தாறு வீடுகள். காலனிக்காரர்கள் பஸ் பிடிக்கத் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம், ஏரிக்கரையைச் சுற்றிப் போனால் இரண்டரை கிலோமீட்டர், ஆனாலும் அவர்கள் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போனார்கள், அவர்கள் அப்பன்களும் அப்படித்தான் போனார்கள். போகக் கூடாது என்று போர்டு எதுவும் கிடையாது. கேட்டால், "யாரு வேணான்னாங்க?" என்று ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று காலனியில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

சுகுணா காலனிப் பெண். சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். ஊர்த்தெருவில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு இல்லை என்பதால், முப்பத்தாறு வீட்டுக் கைகளிலும் அவள் ஊசி குத்தியிருக்கிறாள், எந்தக் கையில் நரம்பு நன்றாகத் தெரியும், எந்தக் கை ஊசியைக் கண்டதும் ஓடப் பார்க்கும் என்றெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கையை நீட்டுகிறவர்கள் தெருவை நீட்டவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் பெருமழையில், வேலை முடிந்து வருகிறபோது, ஏரிக்கரை சேறாகிக் கிடந்ததால் ஸ்கூட்டியைத் தெருவுக்குள் விட்டுவிட்டாள். மறுநாள் அவள் அப்பா அய்யாக்கண்ணுவைக் கூப்பிட்டனுப்பி, கைப்பம்படியில் நிற்க வைத்து, "பொண்ணுக்கு என்னா அவசரம்?" என்று கேட்டார்கள். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்து நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற அய்யாக்கண்ணு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "தெரியாம வந்துட்டா சாமி" என்றார்.

அந்தச் 'சாமி' சுகுணாவின் காதில் விழுந்தது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, பெண் அழைப்பு ஊர்வலம் தெரு வழியாகத்தான் மண்டபத்துக்குப் போகும், காலில் செருப்போடு போகும், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். ஊர் சார்பில் எதிர்மனு போட்டவர் பதினேழாம் வீட்டுத் தாண்டவராயன், எழுபது வயது, வெடுக்கென்று பேசுகிறவர், மாதாமாதம் சுகுணாவிடம் கையை நீட்டுகிறவர்தான். அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது என்று அவர் மனுவில் ஏழு இடத்தில் எழுதியிருந்தது. நீதிபதி பொறுமையாகப் படித்துவிட்டு, தெரு பஞ்சாயத்துத் தெருதானே, எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு என்றார்கள். ஆனி மாதம் இருபத்தோராம் தேதி மாலை நான்கு மணிக்கு ஊர்வலம் தொடங்கலாம், அது தெருவைக் கடந்து முடியும்வரை போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எத்தனை மணிக்குள் முடிய வேண்டும் என்று அதில் எழுதவில்லை. இத்துனூண்டு தெருவுக்கு அதை யார் எழுதுவார்கள்?

அன்றைக்கு நான்கு மணிக்குச் சரியாக, முன்னால் பேண்டு வாத்தியம், அதற்குப் பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், நடுவில் அரக்குப் பட்டுப்புடவையும் புதுச் செருப்புமாகச் சுகுணா, இரண்டு பக்கமும் நாற்பது போலீஸ் என்று ஊர்வலம் கைப்பம்பைத் தாண்டித் தெருவுக்குள் நுழைந்தது. முப்பத்தாறு வீட்டுக் கதவுகளும் சொல்லி வைத்தாற்போல் சாத்திக்கொண்டன. உள்ளேயிருந்து டிவி சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. முதல் வீடு பச்சை கிரில் போட்ட வீடு, முப்பத்தாறாவது வீடு நீலக் கேட்டு போட்ட வீடு, அதைத் தாண்டினால் மண்டபத்து வாசலில் கட்டிய வாழைமரம் தெரிய வேண்டும். நீலக் கேட்டைத் தாண்டினார்கள், பச்சை கிரில் வந்தது. பேண்டு மாஸ்டர் தனக்குத்தான் கணக்குத் தப்பிவிட்டது என்று நினைத்து இன்னும் உரக்க வாசித்தார். மறுபடியும் நீலக் கேட்டு, மறுபடியும் பச்சை கிரில். மூன்றாம் சுற்றில் பாதுகாப்புக்கு வந்த எஸ்.ஐ. அந்தோணிராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, "நிக்காதீங்க, போய்க்கினே இருங்க" என்றார். அவருக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை, பாவம்.

யாரும் எங்கும் திரும்பவில்லை, வளையவில்லை, மூக்குக்கு நேராகத்தான் நடந்தார்கள். பால்காரர் எதிரில் சைக்கிளில் வந்து ஒரே நிமிடத்தில் கடந்து போனார், நாய்கள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடின, ஊர்வலத்துக்கு மட்டும் தெரு முடியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். திரும்பி நடந்தால் பத்தே அடியில் கைப்பம்பு வந்துவிட்டது. எத்தனை சுற்றுப் போயிருந்தாலும், எந்த வீட்டு வாசலில் நின்றிருந்தாலும், வந்த வழியே திரும்பினால் பத்தடிதான், காலனி. மாடு கறக்க வேண்டியவர்களும் குழந்தையை விட்டுவிட்டு வந்தவர்களும் அப்படித் திரும்பிப் போய், வேலையை முடித்துக்கொண்டு மறுபடி வந்து சேர்ந்துகொண்டார்கள். சுகுணா திரும்பவில்லை.

மறுநாள் காலை முகூர்த்தம் போயே போய்விட்டது. மண்டபத்தில் காத்திருந்த மாப்பிள்ளை தென்னரசு, மின்வாரியத்தில் லைன்மேன், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேற்கு முனையிலிருந்து நடந்து வந்து, ஒரு நிமிடத்தில் சுகுணா பக்கத்தில் நின்றான். அவள் கூட நடந்து பார்த்தான், அவனுக்கும் பச்சை கிரில் வந்தது. கையை விட்டுவிட்டுத் தனியாக நடந்தான், மண்டபம் வந்தது. திரும்பி வந்தான்.

"என்னாம்மா உங்க ஊரு தெரு, சீரியல் மாதிரி போவுது?" என்றான்.

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"எங்க மாமா குதிக்கறாரு. ஆனி முப்பதுதான் கடைசி முகூர்த்தமாம். ஆடி பொறந்துட்டா வேற எடம் பாத்துக்கறோம்னு உங்க அப்பா மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. நீ ஏரிக்கரையில வந்துடு சுகுணா. நான் அங்கியே நின்னு தாலி கட்டறன்."

"ஏரிக்கரையில வர்றதுக்கு எனக்குக் கோர்ட்டு எதுக்கு?"

அவன் அவளோடு இன்னும் இரண்டு சுற்று நடந்துவிட்டுப் போனான். நல்ல பையன். ஆனால் நல்ல பையன்களுக்கும் மாமா இருக்கிறார், ஆடி மாதம் இருக்கிறது, அவளுக்கு அது தெரிந்தேதான் இருந்தது.

இரண்டாம் நாள் முழுக்கக் கதவுகள் திறக்கவில்லை. மூன்றாம் நாள், பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பவும் மோட்டார் போடவும் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும், திறந்தார்கள். பெண் போலீஸ் நான்கு பேர் பதினேழாம் வீட்டு வாசலில் நின்று கக்கூஸ் போக வேண்டும் என்றார்கள், போலீஸ் கேட்டால் முடியாது என்று சொல்ல முடியுமா, தாண்டவராயனின் மனைவி தனபாக்கியம் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். அவர்களுக்குப் பின்னாலேயே சுகுணாவின் சித்தி, அத்தை, பெரியம்மா, கடைசியாகச் சுகுணா என்று வரிசையாகப் போனார்கள். தனபாக்கியம் எண்ணிக்கொண்டே நின்றார், எட்டாவது ஆளைத் தடுக்கலாம் என்று வாயைத் திறந்தார், பட்டுப்புடவையில் பெண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். வெளியே வந்த சுகுணா, "கால் வீக்கம் கொறஞ்சிருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டாள்.

தனபாக்கியத்துக்கு அன்று முழுக்க ஒரே குழப்பம். செங்கழனிப்பட்டில் பெண் அழைப்பு வாசலுக்கு வந்தால் அந்த வீட்டுக்காரி ஆரத்தி எடுத்தாக வேண்டும், எடுக்காமல் விட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்பது ஊர் நம்பிக்கை. தனபாக்கியத்தின் பேத்தி ஒருத்தி ஜாதகத்தோடு மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கல்யாணப் பெண் இந்த வாசலை ஆரத்தி இல்லாமல் இதுவரை நூற்றுச் சொச்சம் தடவை கடந்துவிட்டாளே என்று அவர் எண்ணி எண்ணிப் பார்த்தார். நான்காம் நாள் காலையில், தாண்டவராயன் மோட்டார் கொட்டகைக்குப் போன நேரம் பார்த்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டோடு வாசலுக்கு வந்து, "ஏ புள்ள, செத்த நில்லு" என்று சொல்லி மூன்று சுற்றுச் சுற்றி, சுகுணாவின் நெற்றியில் பொட்டு வைத்து, தண்ணீரைத் தெருவில் ஊற்றினார். சுகுணாவின் சித்தி சீர்த்தட்டிலிருந்து நான்கு லட்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

பன்னிரண்டு நிமிடத்தில் பெண் மறுபடி வாசலுக்கு வந்துவிட்டாள்.

இப்போது இன்னொரு சிக்கல். ஒரே பெண் ஒரே நாளில் நாற்பது தடவை வந்தால் நாற்பது ஆரத்தியா? பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கூடிப் பேசினார்கள். ஊருக்குள் தீராமல் கோர்ட் வரை போன வழக்கு, குழாயடியில் இப்படி மாறியிருந்தது. பெண் வரலாமா கூடாதா என்ற பேச்சையே காணோம், ஒரு நாளைக்கு எத்தனை ஆரத்தி என்பதுதான் பேச்சு. காலையில் ஒன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்று, நடுவில் வருவதெல்லாம் சும்மா போக்குவரத்து என்று முடிவானது. அன்று மாலை பதினோரு வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள். எடுக்காத வீட்டுப் பெண்கள் எடுத்த வீட்டைத் திட்டினார்கள், மறுநாள் காலையில் அவர்களும் எடுத்தார்கள்.

தாண்டவராயன் சும்மா இருக்கவில்லை, வக்கீலைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடி கோர்ட்டுக்குப் போனார். மனுதாரர் வேண்டுமென்றே மெதுவாக நடக்கிறார், ராத்திரி அங்கேயே பாய் விரித்துப் படுக்கிறார், ஊர்வலம் என்ற பேரில் தெருவிலேயே குடியிருக்கிறார் என்று வக்கீல் முழங்கினார். சாதாரண ஊர்வல நடைதான், சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று எஸ்.ஐ. அறிக்கை கொடுத்திருந்தார். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பழைய தீர்ப்பைப் படித்தார்.

"ஊர்வலம் தெருவைக் கடந்துவிட்டதா?"

"இல்லீங்க ஐயா, அதானே எங்க கம்ப்ளெய்ன்ட்டே."

"கடக்கிறவரை என்றுதானே எழுதியிருக்கிறேன். கடக்கட்டும்."

இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். தாண்டவராயன் பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவுக்குள் நுழைந்து, எதிரில் வந்த ஊர்வலத்துக்குத் தன்னையறியாமல் ஒதுங்கி வழிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் புதன்கிழமை. புதன்கிழமை சர்க்கரை பார்க்கிற நாள். சுகுணா லீவில் இருந்தாலும், ஊசியும் சிறிய மெஷினும் உள்ள அவள் பை சித்தியிடம் இருந்தது, கேட்டால் பார்த்துவிட வேண்டியதுதானே என்று அவள் நினைத்தாள், கேட்டார்கள். பட்டுப்புடவையோடு வீடு வீடாக நின்று விரலில் குத்தி அளவு சொல்லிக்கொண்டே போனாள். பதினேழாம் வீட்டு கேட்டுக்குப் பின்னால் தாண்டவராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் கம்பி வழியாக நீட்டினார்.

"முந்நூத்திப் பத்து. என்னா சார் சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல. ஒரு லட்டு. அவ எங்கயோ விசேஷ வீட்லருந்து வாங்கியாந்தா."

சுகுணா சித்தியைப் பார்த்தாள், சித்தி தனபாக்கியத்தைப் பார்த்தாள், தனபாக்கியம் வானத்தைப் பார்த்தார்.

"அது எங்க சீர் லட்டு சார்" என்றாள் சுகுணா. "இனிமே தொடாதீங்க. சக்கரைக்காகச் சொல்றன்."

தாண்டவராயனின் கை அப்படியே கம்பி வழியாக வெளியே நின்றது. பிறகு உள்ளே போய்விட்டது. இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை என்று சொல்கிறார்கள், ஆனால் லட்டைத் துப்பினார் என்று யாரும் சொல்லவில்லை.

இதற்குள் சேதி பரவி, சுற்று வட்டாரமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. வேர்க்கடலை வண்டி, ஐஸ் வண்டி, டிவிக்காரர்கள், மொட்டை மாடி முழுக்க ஆட்கள். நானும் ஒருவன். பக்கத்து ஊரிலிருந்து மினி பஸ் பிடித்து வந்து, நீலக் கேட்டு வீட்டு மாடியில் ஏறி நின்று, கடலையைக் கொறித்துக்கொண்டே ஒரு பெண் நடப்பதை மூன்று மணி நேரம் பார்த்தேன். பாவம் என்று நினைத்தேன், தைரியசாலி என்று நினைத்தேன், புடவை கசங்கிவிட்டது என்றும் நினைத்தேன். ரொம்ப நாள் கழித்துச் சுகுணாவைச் சந்தித்தபோது, நடந்து நடந்து கால் வலித்திருக்குமே என்று கேட்டேன். கால் வலி என்னாங்க பெரிய வலி, தலையத் தூக்கனா நூறு கண்ணு, அதுதான் முடியல என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த நூறில் இரண்டு என்னுடையது.

அய்யாக்கண்ணுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்வலத்தில் அவர் இல்லை. முதல் நாள் கைப்பம்பு வரை வந்தவர், எல்லாரும் உள்ளே நுழைந்ததும், ஒரு மாதிரி நின்று, சீர் சாமான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்ததா பார்க்கிறேன் என்று சொல்லி ஏரிக்கரைப் பக்கம் திரும்பிவிட்டார். சமையல் எல்லாம் மேற்கு முனையில் மண்டபத்தில் நடந்தது, ஊர்வலத்துக்குச் சாப்பாடும் டீயும் அங்கிருந்து வர வேண்டும். அவர் தூக்கில் எடுத்துக்கொண்டு, ஏரிக்கரையைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டர் நடந்து, கிழக்கு முனைக்கு வந்து, கைப்பம்படியில் நின்றபடி யாரையாவது கூப்பிட்டு உள்ளே கொடுத்தனுப்புவார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. எதிரே தெரு திறந்து கிடந்தது, போலீஸ் நின்றது, கோர்ட் உத்தரவு எஸ்.ஐ.யின் சட்டைப் பையில் இருந்தது. அவர் கால் மட்டும் தாருக்கு வரவில்லை.

ஆறாம் நாள் சுகுணா நேராக அவரிடம் வந்தாள். தாரின் ஓரத்தில் அவள் நின்றாள், மண்ணில் அவர் நின்றார். நடுவில் இரண்டடிகூட இல்லை.

"டீ ஆறிப்போச்சாம்மா?"

"இல்லப்பா, சூடாதான் இருக்குது." அது பச்சைத் தண்ணியாக இருந்தது. ஆறு நாளும் அப்படித்தான் குடித்தாள்.

"போதும்மா. திரும்பிடலாம்" என்றார் அய்யாக்கண்ணு. "எல்லாந்தான் பாத்துட்டாங்களே. கோர்ட்டே சொல்லிடுச்சி. ஜெயிச்சிட்டமில்ல? அந்தப் புள்ள நல்ல புள்ள, அவங்க மாமன் ஒரு மாதிரி ஆளு. பத்தடிதான, வந்துடு. ஏரிக்கரையில கார் வெச்சிக் கூட்டிக்கினு போறன். அம்பது வருசமா நான் நடக்கல? காலு தேஞ்சா பூட்டுது?"

சுகுணா அவர் முழங்காலைப் பார்த்தாள். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த கால், ஏரிக்கரை மேட்டில் ஏறி இறங்கிய கால், இரண்டு வருடமாக மாடிப்படி ஏற முடியாத கால். அதற்கு எக்ஸ்ரே எடுக்க அவள்தான் கூட்டிப் போயிருந்தாள்.

"தேஞ்சிதான்பா பூட்டுது" என்றாள்.

அவர் தூக்கை வாங்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். அன்று அவள் அழுதுகொண்டே நான்கு சுற்றுப் போனாள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்காக அழுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஏழாம் நாளுக்குப் பிறகு ஒரு விஷயம் நடந்தது, அதாவது ஒன்றுமே நடக்கவில்லை. எத்தனை நாளைக்குத்தான் ஒரே பெண் ஒரே தெருவில் நடப்பதைப் பார்ப்பது? டிவிக்காரர்களுக்கு வேறொரு ஊரில் இரண்டு தலைக் கன்றுக்குட்டி கிடைத்துவிட்டது. எனக்கும் அலுத்துவிட்டது, மினி பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். முப்பத்தாறு போலீஸைத் தேர்த் திருவிழாவுக்கு அனுப்பிவிட்டார்கள், மிச்சம் நாலு பேரும் எஸ்.ஐ.யும் பச்சை கிரில் வீட்டு நிழலில் நாற்காலி போட்டுச் செல்போன் பார்த்தார்கள். பேண்டு வாத்தியத்தில் தெரிந்த பாட்டெல்லாம் இரண்டு சுற்று வாசித்து முடித்து, கடைசியில் ஒரே ஒருவர் மட்டும் டிரம்மை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஞாபகம் வரும்போது இரண்டு தட்டுத் தட்டினார். தெருப் பெண்களுக்கு ஊர்வலம் கடிகாரமாகிவிட்டது. பெண் இரண்டு தடவை போனால் பருப்பு வெந்திருக்கும், மூன்றாம் தடவை வரும்போது கூப்பிட்டுச் சொல்லு, அடுப்பை அணைக்கிறேன் என்று மாமியார் மருமகளிடம் சொன்னாள். பிள்ளைகள் வழிவிடாமல் கோலி ஆடின. ஆரத்தியும் சில வீட்டில் மறந்துபோனது.

ஒன்பதாம் நாள் ஆனி இருபத்தொன்பது. விடிந்தால் கடைசி முகூர்த்தம். தென்னரசின் மாமா மண்டபத்தில் பைகளைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். மாலை நாலரை மணிக்குத் தூறல் போட்டது. தெருவில் ஒரு வீட்டில் காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தார்கள், ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை, ஒரு வீட்டில் மாட்டை அவிழ்த்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள், சுகுணா வாசலைக் கடக்கும்போது அந்த வீட்டுக்காரம்மா மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி, "ஒதுங்கு ஒதுங்கு, முட்டப் போவுது" என்றாரே தவிர, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த நேரம் மண்டபத்துச் சமையல்கட்டில் அய்யாக்கண்ணு தூக்கு நிறைய டீ வாங்கினார். கொதிக்கக் கொதிக்க இருந்தது. துண்டால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எட்டு நாளாகப் பிள்ளை ஆறிப்போனதைத்தான் குடிக்கிறது, வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறது, இன்றைக்கு மழை வேறு, கடைசி நாள் வேறு, நாளைக்கு என்ன ஆகுமோ, ஒரு வாய் சூடாகக் குடிக்கட்டும் என்ற ஒரே நினைப்போடு வாசலுக்கு வந்தவர், சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர எது கிட்டமோ அந்தப் பக்கம் நடந்தார். நீலக் கேட்டைத் தாண்டினார். கால் தாரில் இருந்தது, செருப்பும் காலில் இருந்தது, இரண்டும் அவர் நினைப்பில் இல்லை. பதினேழாம் வீட்டு கேட்டில் தாண்டவராயன் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்துக் கையில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் மழ வருதா?" என்றார், ஸ்டார்ட்டரைப் பார்த்தபடியே.

"தூறுதுங்க" என்று சொல்லிவிட்டு அய்யாக்கண்ணு நடந்தார்.

சுகுணா எதிரில் வந்துகொண்டிருந்தாள். அப்பா தெரு நடுவில் வருவதைப் பார்த்தாள், ஏதாவது சொன்னால் அவருக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயந்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் மூடியில் டீயை ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்தாள், நாக்குப் பொத்துப்போகிற சூடு. அவரும் திரும்பி அவள் பக்கத்தில் நடந்துகொண்டே, அந்தச் சமையல்காரன் சாம்பாருக்குப் புளியே போடுவதில்லை, கேட்டால் இதுதான் இந்தப் பக்கத்துப் பக்குவம் என்கிறான், நாளைக்கு மட்டும் இப்படி வைக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று திட்டிக்கொண்டே வந்தார். டிரம்காரர் ஞாபகம் வந்து இரண்டு தட்டுத் தட்டினார். நீலக் கேட்டு வந்தது.

அதைத் தாண்டி வாழைமரம் வந்தது.

எட்டு நாளில் வாடிக் கருத்துப்போன வாழைமரம். அதன் கீழே தென்னரசு நின்றிருந்தான், அவன் மாமா ஒரு பையைக் கையில் தூக்கியபடி நின்றிருந்தார், அதை மெதுவாகக் கீழே வைத்தார். சித்தியும் அத்தையும் ஓவென்று கத்தினார்கள், எஸ்.ஐ. நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்தார். அய்யாக்கண்ணு மட்டும் புளி பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, கையில் தூக்கோடு திரும்பித் தெருவைப் பார்த்தார். அந்தக் கோடியில் கைப்பம்பு நன்றாகத் தெரிந்தது. யாரோ தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள், அது யார் என்றுகூடத் தெரிந்தது.

"இவ்ளோதானா?" என்றார்.

சுகுணா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்ளோதானாம்மா இது?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். மேளம் கொட்டியாகிவிட்டது, மாப்பிள்ளையும் பெண்ணும் மணையில் உட்கார்ந்தாகிவிட்டது, பெண்ணின் அப்பாவைக் காணோம். ஆளாளுக்குத் தேடினார்கள். அவர் தெருவில் இருந்தார். விடிந்ததிலிருந்து, புது வேட்டி சட்டையில், நீலக் கேட்டிலிருந்து கைப்பம்பு வரைக்கும், கைப்பம்பிலிருந்து நீலக் கேட்டு வரைக்கும், தலையைக் குனிந்தபடி போவதும் வருவதுமாக நடந்துகொண்டிருந்தார். எத்தனை தடவை போனாலும் தெரு ஒழுங்காக முடிந்தது. தாண்டவராயன் பல் துலக்க வெளியே வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு கிட்டே வந்தார்.

"என்னா அய்யாக்கண்ணு, கீழியே பாத்துக்கினு நடக்கற? எதனா தொலச்சிட்டியா?"

அய்யாக்கண்ணு நின்றார்.

"ஆமாங்க" என்றார்.

தாண்டவராயனுக்குப் பார்வை கொஞ்சம் மட்டு. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, தார் ஓரத்துப் புழுதியை உற்றுப் பார்த்தார்.

"எந்த எடத்துல உட்ட?"

"இங்கதாங்க. இந்தத் தெருவுலதான். அத்த உடுங்க, அது கெடைக்காது" என்றார் அய்யாக்கண்ணு. மேற்கே மேளச் சத்தம் கேட்டது. "தாலி கட்ற நேரமாச்சி, நான் போறன். நீங்களும் வாங்க."

அவர் நிமிர்ந்து, தெரு நடுவில் நடந்து மண்டபத்துக்குப் போனார். தாண்டவராயன் வெகு நேரம் குனிந்தபடியே அங்கே தேடிக்கொண்டிருந்தார்.